சுத்திகரித்த கழிவுநீரில் மக்காச்சோளம், எலுமிச்சை: யூரியாவை எவ்வளவு குறைக்கலாம்?

வரப்போரம் (கேள்வி)

நகராட்சி சுத்திகரிப்பு நிலையத்தில் இரண்டாம் நிலை (நுண்ணுயிரால் அழுக்கைச் சிதைப்பது) வரை சுத்தம் செய்த தண்ணீர், குளோரின் போடாமல் வயலுக்கு வருகிறது. மக்காச்சோளம் 2 ஏக்கர், தீவனப் புல் 1 ஏக்கர், சொட்டுநீரில் எலுமிச்சை 1 ஏக்கர். தண்ணீர்ப் பரிசோதனை முடிவு:

பிஹெச் 7.8. இ.சி. (உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன்) மீட்டருக்கு 1.5 டெசிசீமன்ஸ். மிதக்கும் திடப்பொருள் 24, பி.ஓ.டி. (மட்கும் அழுக்கின் அளவு) 14. மொத்த நைட்ரஜன் 28 (அதில் அம்மோனியா 18, நைட்ரேட் 6). பாஸ்பரஸ் 5, பொட்டாசியம் 16. சோடியம் 184, கால்சியம் 60, மெக்னீசியம் 24, குளோரைடு 213, பைகார்பனேட் 366, போரான் 0.6. பிஹெச், இ.சி. தவிர எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராமில். ஈ.கோலை (மலக்கிருமி) 100 மில்லியில் 2 லட்சம். புழு முட்டை பார்க்கவில்லை.

கேள்விகள்: யூரியா, டி.ஏ.பி.யை எவ்வளவு குறைக்கலாம்? டிரிப்பர் (சொட்டுவாய்) அடைக்குமா? எலுமிச்சை வரிசைகளுக்கு நடுவே கீரை போடலாமா? நாலைந்து வருடத்தில் மண் கெடுமா?

பாத்திகட்டி

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்றால் கன மீட்டருக்கு 1 கிராம். ஒரு ஏக்கரில் 1 மி.மீ. தண்ணீர் கட்டினால் 4 கன மீட்டர். இந்த இரண்டும் கையில் இருந்தால் மீதி பெருக்கல்தான்.

மக்காச்சோளத்துக்குப் பருவம் முழுக்க 400 மி.மீ. பாய்ச்சுகிறீர்கள் என்று வைத்தால் ஏக்கருக்கு 1,600 கன மீட்டர். அதோடு 45 கிலோ நைட்ரஜன், 8 கிலோ பாஸ்பரஸ், 26 கிலோ பொட்டாசியம் வயலுக்கு வந்து சேரும். உர மூட்டைக் கணக்கு வேறு என்பதை மறக்காதீர்கள். மூட்டையில் மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல் சத்து (பொட்டாசியம்) என்று போடுவது ஆக்சைடு கணக்கு. பாஸ்பரஸை 2.29 ஆலும் பொட்டாசியத்தை 1.2 ஆலும் பெருக்குங்கள்: 18 கிலோ மணிச்சத்து, 31 கிலோ சாம்பல் சத்து.

தழைச்சத்து (நைட்ரஜன்) 45 கிலோவையும் அப்படியே கழித்துவிடாதீர்கள். அம்மோனியாவில் கொஞ்சம் காற்றில் போகும், பிஹெச் 7.8, வெயில், பாத்தியில் தேங்கிய நீர் மூன்றும் சேர்ந்தால் அதிகமாகவே போகும். அங்ககமாக இருக்கும் 4 மில்லிகிராம் மெதுவாகத்தான் மட்கும். முதல் பருவத்தில் மூன்றில் இரண்டு பங்கை, அதாவது 30 கிலோவைக் கழியுங்கள். 65 கிலோ யூரியா மிச்சம். மண் பரிசோதனைப் பரிந்துரை 80 கிலோ தழைச்சத்து என்றால் 50 கிலோவை உரமாகப் போட வேண்டும். அறுவடைக்குப் பின் மண்ணில் நைட்ரேட் பார்த்துவிட்டு அடுத்த பருவத்தில் இன்னும் இறக்கலாமா என்று முடிவெடுக்கலாம்.

எந்த உரத்தைக் குறைப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு அடியுரத்தை வெட்டுவார்கள். நாற்றுப் பருவத்தில் வேர் சின்னது, பாய்ச்சிய தண்ணீரும் கொஞ்சம், அதனால் தண்ணீர் வழியே வந்த மணிச்சத்தும் கொஞ்சம்தான். அப்போதுதான் பயிருக்கு அது அவசரத் தேவை. இலை ஊதா நிறமாகி நின்றுவிட்டால் பிறகு வரும் தண்ணீரால் ஈடுகட்ட முடியாது. எனவே முதல் வருடம் அடியுரத்தில் கை வைக்காமல், முழங்கால் உயரத்துக்குப் பிறகு போடும் மேலுரத்தைக் குறையுங்கள். சில வருடம் ஓடி மண்ணில் பாஸ்பரஸ் ஏறிய பிறகு டி.ஏ.பி.யை நிறுத்தலாம். அப்படி ஏறும்போது துத்தநாகக் குறை தலைகாட்டும். இளம் இலையின் அடிப்பகுதியில் வெளிறிய பட்டை தெரிந்தால் அதுதான்.

இன்னொன்று. மூட்டை உரத்தை நிறுத்தலாம், இந்த உரத்தை நிறுத்த முடியாது. தண்ணீர் வேண்டும் என்றால் நைட்ரஜனும் கூடவே வரும். பூட்டை விட்டு மணி பிடித்த பிறகும் வந்துகொண்டே இருந்தால் தட்டை பச்சையாகவே நிற்கும், கதிர் காய்வது தள்ளிப்போகும், காற்றடித்தால் சாயும். கிணற்றுத் தண்ணீர் இருந்தால் கடைசி இரண்டு பாசனத்தை அதில் கொடுங்கள்.

புல்லுக்குக் கவலை குறைவு. வருடம் 1,500 மி.மீ. என்றால் ஏக்கருக்கு 170 கிலோ நைட்ரஜன்; அடிக்கடி அறுக்கும் புல் அதைத் தின்றுவிடும். அதற்கு மேல் யூரியா போடாதீர்கள். தண்ணீர்த் தட்டுப்பாட்டில் வாடி நின்ற புல்லில் நைட்ரேட் தேங்கும். உலர் எடையில் நைட்ரேட் 1 சதவீதத்தைத் தாண்டிய தீவனம் மாட்டைக் கொல்லக்கூடும். வாடிய புல்லுக்குத் தண்ணீர் விட்ட உடனே அறுத்துப் போடுவது மிக மோசம்.

உப்புக்கணக்கு

பாத்திகட்டி சொன்ன பெருக்கல் சரி. ஆனால் 400 மி.மீ. என்பது பயிர் குடிப்பது மட்டும். இந்த இ.சி.யில் அதோடு நிறுத்தினால் நாலாவது கேள்விக்குப் பதில் "ஆம், கெடும்".

நைட்ரஜனைச் சுத்திகரிப்பு நிலையம் கொஞ்சம் எடுக்கும், பயிர் கொஞ்சம் எடுக்கும். உப்பை இரண்டும் எடுக்காது. இ.சி. 1.5 என்றால் ஏறத்தாழ லிட்டருக்கு 960 மில்லிகிராம். 1,600 கன மீட்டரில் ஏக்கருக்கு ஒன்றரை டன் உப்பு, ஒரே பருவத்தில். அதை வேருக்குக் கீழே தள்ளியாக வேண்டும்.

எவ்வளவு தள்ளுவது? ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் சூத்திரம்: பாசன நீரின் இ.சி.யை, பயிர் தாங்கும் மண் இ.சி.யின் ஐந்து மடங்கிலிருந்து பாசன நீர் இ.சி.யைக் கழித்த தொகையால் வகுக்க வேண்டும். மக்காச்சோளம் 1.7 வரை தாங்கும். 1.5 ÷ (8.5 − 1.5) = 0.21. அதாவது கட்டும் தண்ணீரில் 21 சதவீதம் வேரைத் தாண்டி இறங்க வேண்டும். 400 மி.மீ. தேவைக்கு 506 மி.மீ. கட்ட வேண்டும். அப்படிக் கட்டினால் நைட்ரஜன் 45 அல்ல, 57 கிலோ. கீழே இறங்கும் தண்ணீரோடு அதில் ஒரு பகுதி நைட்ரேட்டாக நிலத்தடிக்கும் போகும், பக்கத்துக் கிணற்றுக்கும் போகும்.

முடிச்சு இங்கேதான். உப்பைக் கழுவினால் நைட்ரேட்டும் கழுவும். ஒவ்வொரு பாசனத்திலும் 21 சதவீதம் கூட்டிக் கட்டாமல், அறுவடை முடிந்து மண்ணில் நைட்ரேட் குறைவாக இருக்கும் நேரத்தில் ஒரேயடியாகக் கழுவுவது மேல். மழைக்காலம் அந்த நேரத்தில் வந்தால் மழையே செய்துவிடும். பருவத்துக்கு முன்னும் பின்னும் 0–30, 30–60 செ.மீ. ஆழத்தில் மண் இ.சி. எடுங்கள். 1.7க்கு மேல் ஒவ்வொரு டெசிசீமன்ஸுக்கும் மக்காச்சோள விளைச்சல் 12 சதவீதம் இறங்கும். உப்பு ஏறிக்கொண்டே போனால் பயிரை மாற்றுங்கள்: சோளம் 6.8, அருகம்புல் 6.9, பருத்தி 7.7 வரை விளைச்சல் குறையாமல் தாங்கும்.

சோடியம் தனிக் கணக்கு. மில்லி ஈக்விவலன்டில் (அயனியின் மின்னூட்டத்தை வைத்து எண்ணும் அலகு, லிட்டருக்கு) சோடியம் 8, கால்சியம் 3, மெக்னீசியம் 2. எஸ்.ஏ.ஆர். (கால்சியம், மெக்னீசியத்தோடு ஒப்பிட்ட சோடியம் விகிதம்) = 8 ÷ √2.5 = 5; 2.5 என்பது 3, 2 இரண்டின் சராசரி. எஸ்.ஏ.ஆர். 3 முதல் 6 வரை இருக்கும்போது இ.சி. 1.2க்கு மேல் இருந்தால் மண் நீரை உள்வாங்குவதில் சிக்கல் இல்லை. உங்களுக்கு 1.5, தேறிவிட்டது. கவனிக்க: இந்தத் தேர்ச்சி இதே தண்ணீர் பாயும் வரைதான். சோடியம் ஏறிய மண்ணில் உப்பே இல்லாத மழை விழும்போது களித்துகள் பிரிந்து மேல்மண் சிமெண்டு பூசியதுபோல இறுகும், விதை மேலே வராது. "மழை பெய்த பிறகுதான் நிலம் கெட்டது" என்பார்கள். கெட்டது அதற்கு முன்பே. பைகார்பனேட் 6 மில்லி ஈக்விவலன்ட் இருப்பதால் கால்சியம் சுண்ணாம்பாகப் படிந்து நிலைமை மேலும் சாயும். ஜிப்சம் போடுங்கள். 1 மில்லி ஈக்விவலன்ட் கால்சியம் கூட்ட கன மீட்டருக்கு 86 கிராம் தூய ஜிப்சம். 1,600 கன மீட்டருக்கு 138 கிலோ. 2 கூட்ட ஏக்கருக்கு 275 கிலோ. மழைக்கு முன் தூவி மேலாகக் கிளறிவிடுங்கள்.

எலுமிச்சை உங்கள் பட்டியலில் பலவீனமான பிள்ளை. போரான் 0.5க்கு மேல் போனாலே தாங்காத வகை; உங்களுக்கு 0.6. குளோரைடு 6 மில்லி ஈக்விவலன்ட். 4க்கு மேல் எச்சரிக்கை. முதிர்ந்த இலையின் நுனியும் ஓரமும் மஞ்சளாகிப் பிறகு காய்ந்தால் போரான், நுனி கருகி இலை சீக்கிரம் கொட்டினால் குளோரைடு. கண்ணை நம்பாமல் இலைப் பரிசோதனை எடுங்கள். போரானைக் கழுவக் குளோரைடுக்கு ஆவதைப்போல் இரண்டு மூன்று மடங்கு தண்ணீர் ஆகும். அதனால் கழுவுவதை விட நல்ல தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலப்பதே எலுமிச்சைக்கு வழி.

கடைசியாக, இந்த முடிவு ஒரே ஒரு வேளை எடுத்த மாதிரியா? காலையும் நள்ளிரவும் அம்மோனியா ஒன்றாக இருக்காது. 24 மணி நேரம், மணிக்கொரு முறை எடுத்துக் கலந்த மாதிரியில் பாருங்கள். சாக்கடையில் தொழிற்சாலை நீர் கலக்கிறது என்றால் உலோகங்களும் பார்க்க வேண்டும்: காட்மியம் 0.01, குரோமியம் 0.1, நிக்கல் 0.2 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும்.

சொட்டான்

டிரிப்பர் அடைக்கும். 24 மில்லிகிராம் திடப்பொருள் என்பது பார்க்க நல்ல எண்தான், 50க்குக் கீழே என்றால் ஆபத்து குறைவு என்பார்கள். ஆனால் இந்தத் தண்ணீரில் அடைப்பது மணல் அல்ல, சளி. பாக்டீரியா குழாயின் உள்சுவரில் வழுவழுப்பாகப் படரும், அதில் மண் ஒட்டும், துண்டு துண்டாகப் பிய்ந்து டிரிப்பரில் உட்காரும். லேட்டரலின் (டிரிப்பர் பொருத்திய கிளைக்குழாயின்) கடைசியில், தண்ணீர் வேகம் குறையும் இடத்தில்தான் ஆரம்பிக்கும்.

ஹைட்ரோசைக்ளோன் மட்டும் வைத்துவிட்டு விடாதீர்கள். அது கனமான மணலைப் பிடிக்கும், சளியைப் பிடிக்காது. மணல் ஃபில்டர், அதற்குப் பின் 130 மைக்ரான் டிஸ்க் ஃபில்டர். உள்ளே வெளியே அழுத்த வித்தியாசம் 0.5 பார் ஆனதும் பேக்வாஷ் (எதிர்த்திசையில் நீர் விட்டுக் கழுவுவது). அந்த அழுக்குத் தண்ணீரை ஓடையில் விடாமல் புல்லுக்குத் திருப்புங்கள்.

லேட்டரல் முனையை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை திறந்து விடுங்கள். எத்தனை நிமிடம் என்பதை விட எந்த வேகத்தில் என்பது முக்கியம். நொடிக்கு அரை மீட்டராவது வேண்டும். 16 மி.மீ. குழாயில் அது நிமிடத்துக்கு சுமார் 4.5 லிட்டர். முனையில் வாளியை வைத்துப் பாருங்கள். அதை விடக் குறைவாக வந்தால் ஒரே நேரத்தில் ரொம்பக் குழாய்களைத் திறந்திருக்கிறீர்கள். நாலைந்தாகப் பிரித்துத் திறங்கள்.

குளோரினில் பெரும்பாலோர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. முனையில் தனிக்குளோரின் (எதோடும் சேராமல் நிற்கும் குளோரின்) லிட்டருக்கு 1 மில்லிகிராம் வர வேண்டும் என்று படித்துவிட்டு, சோதனைத் தாளில் பூஜ்ஜியம் காட்டுவதால் மேலும் மேலும் ஊற்றுவார்கள். உங்கள் நீரில் அம்மோனியா 18. போட்ட குளோரின் எல்லாம் அதோடு சேர்ந்து குளோரமைன் ஆகும். தனிக்குளோரின் தெரிய அம்மோனியாவைப் போல் 8 முதல் 10 மடங்கு, அதாவது 140–180 மில்லிகிராம் போட வேண்டும். யாரும் போட மாட்டார்கள், போடவும் கூடாது. எனவே மொத்தக் குளோரின் காட்டும் சோதனையை வாங்குங்கள். வாரம் ஒரு முறை, பாசனத்தின் கடைசி ஒரு மணி நேரம் 10 மில்லிகிராம் அளவில் செலுத்தி, குழாயில் அப்படியே நிற்க விட்டு, மறுநாள் முதலில் முனையைத் திறந்து கழுவுங்கள். மணிக்கு 6 கன மீட்டர் ஓடும் பகுதிக்கு 60 கிராம் குளோரின் ஆகும்; 10 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் 600 மில்லி. வெயிலில் வைத்த பழைய கரைசல் பாதி வீரியம்கூட இருக்காது. பிளீச்சிங் பவுடர் வேண்டாம், அதன் சுண்ணாம்பே டிரிப்பரை அடைக்கும்.

பைகார்பனேட் அதிகம் என்பதால் வெள்ளைப் படிவும் வரும், அதற்கு அமிலம். அமிலமும் குளோரினும் ஒரே நாளில் வேண்டாம், ஒரே வாளி, ஒரே இன்ஜெக்டரிலும் வேண்டாம். இரண்டும் சந்தித்தால் வருவது நச்சு வாயு. அமிலத்தைத் தண்ணீரில் ஊற்றுங்கள், தண்ணீரை அமிலத்தில் ஊற்றாதீர்கள்.

ஆய்வுமேசை

கீரை வேண்டாம். ஏன் என்பதைக் கணக்காகவே சொல்கிறேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வழிகாட்டுதல் கிருமிக் குறைப்பை மொத்தமாகப் பார்க்கிறது. கிருமி பத்தில் ஒன்றாகக் குறைவது ஒரு படி. பச்சையாகத் தின்னும் இலைக்கு மொத்தம் 6 படி, கிழங்குக்கு 7 படி வேண்டும். அதைச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றே தர வேண்டும் என்பதில்லை. தாழ்வான பயிருக்குச் சொட்டுநீர் 2 படி, உயரமான பயிருக்கு 4 படி. பாசனத்தை நிறுத்தி அறுவடை வரை விட்டால் நாளொன்றுக்கு அரை முதல் 2 படி. தண்ணீரில் கழுவினால் 1 படி.

உங்கள் கீரைக்கு: சாக்கடையிலிருந்து இங்கு வரும்வரை சுமார் 2 படி, சொட்டுநீர் 2, இரண்டு நாள் நிறுத்தம் 1, கழுவுவது 1. தாளில் 6 வந்துவிட்டது! ஆனால் கழுவும் கை உங்களுடையது அல்ல, வாங்குபவருடையது. கீரைக்கு வெயிலில் இரண்டு நாள் தண்ணீர் நிறுத்தினால் வாடி விலை போகாது. ஆக உறுதியாக நிற்பது 4 படிதான். இந்தப் படிக் கணக்கில் புழு முட்டை வேறு வராது. அதற்கு லிட்டரில் 1 முட்டைக்கு மேல் இருக்கக் கூடாது என்பது தனி விதி. உருண்டைப் புழு முட்டை மண்ணில் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். நீங்கள் அதைப் பரிசோதிக்கவே இல்லை. முதல் வேலை அதுதான்.

ஒப்பிட்டுப் பார்க்க: ஐரோப்பிய ஒன்றியத்தின் 2020/741 விதியில், நீர் நேரடியாகப் படும், பச்சையாக உண்ணும் பயிருக்கு ஈ.கோலை 100 மில்லியில் 10க்கு மேல் கூடாது. உங்களுக்கு 2 லட்சம்.

கிருமிக் கணக்கில் மட்டும் பார்த்தால் எலுமிச்சை, மக்காச்சோளம் இரண்டுக்கும் இந்த நீர் போதும். தரையில் விழுந்த எலுமிச்சையைப் பொறுக்கி விற்காதீர்கள். புல்லுக்கு மாட்டை நேரே மேய விடாமல், கடைசிப் பாசனத்துக்கு இரண்டு வாரம் கழித்து அறுத்து, உலர்த்திப் போடுங்கள். மாட்டு நாடாப்புழுச் சுழற்சி அங்கேதான் அறுபடும். தெளிப்பான் வேண்டாம், திவலை காற்றில் போகும். வேலை செய்பவர் வெறுங்காலோடு இறங்கக் கூடாது, கொக்கிப்புழு தோல் வழியே ஏறும். பூட்ஸ், கையுறை, வரப்பிலேயே நல்ல தண்ணீரும் சோப்பும். கிணற்றுக் குழாயோடு இந்தக் குழாயை வால்வு வைத்து இணைக்காதீர்கள். வால்வு ஒருநாள் கசியும். கலப்பதானால் தொட்டியில், நல்ல தண்ணீர் மேலிருந்து இடைவெளி விட்டு விழ வேண்டும். மறுபயன்பாட்டு நீருக்குப் பல நாடுகளில் ஊதா நிறக் குழாய். நீங்களும் ஊதாப் பட்டையாவது அடியுங்கள்.

வரப்போரம்

கீரையை விட்டுவிட்டேன். முட்டையைக் குறைக்கக் குட்டை வெட்டினால் போதுமா? நிலையத்தில் காய்ந்த கசடும் தருகிறார்கள், எடுக்கலாமா?

ஆய்வுமேசை

குட்டை உதவும். முட்டை கனமானது, அசையாத நீரில் 8–10 நாளில் படிந்துவிடும். நாலு ஏக்கருக்கு நாளொன்றுக்கு 5 மி.மீ. என்றால் சுமார் 80 கன மீட்டர். பத்து நாளுக்கு 800. ஒன்றரை மீட்டர் ஆழத்தில் 530 சதுர மீட்டர், 13 சென்ட். நீளவாக்கில் வெட்டி, உள்வாயும் வெளிவாயும் எதிரெதிர் முனையில் இருக்கட்டும். இல்லாவிட்டால் தண்ணீர் குறுக்கே ஓடி இரண்டே நாளில் வெளியேறும், பத்து நாள் என்பது வரைபடத்தில் மட்டும் இருக்கும். அடியில் படியும் சேற்றில் அத்தனை முட்டையும் இருக்கும். தூர்வாரும்போது அதை வயலில் கொட்டாதீர்கள்.

கசட்டைக் காய்ந்தது என்பதற்காக எடுக்காதீர்கள். உலோக அறிக்கை கேளுங்கள். பிறகு எப்படிப் பதப்படுத்தினார்கள் என்று கேளுங்கள்: நீள் குவியலாக மட்க வைத்தால் 55 டிகிரி வெப்பம் 15 நாள், அதற்குள் 5 முறை புரட்டல். வெப்பப் பதிவேடு இல்லை என்றால் வேண்டாம்.

சொட்டான்

குட்டை வெட்டினால் என் கணக்கு மாறும். முட்டை போகும், பாசி வரும். இந்த அளவு நைட்ரஜனும் பாஸ்பரஸும் இருக்கும் நீர் வெயிலில் பத்து நாள் நின்றால் பச்சைக் குழம்புதான். மணல் ஃபில்டரை மணிக்கொரு தரம் பேக்வாஷ் செய்ய வேண்டிவரும். பாசி மேல்மட்டத்தில், சேறு அடியில். உறிஞ்சு குழாயை மிதவையில் கட்டி நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே தொங்க விடுங்கள். குட்டை வற்றி மிதவை அடியைத் தொடுவதற்குள் பம்பை நிறுத்த ஒரு மட்ட சுவிட்ச் வேண்டும்; இல்லையென்றால் சேறு முழுக்க ஒரே மூச்சில் ஃபில்டருக்கு வரும். முடிந்தால் கடைசி மூன்றில் ஒரு பங்கை நிழல் வலையால் மூடுங்கள்.

பாத்திகட்டியும் கவனிக்க: பாசி வளர்ந்தால் பகலில் பிஹெச் 9 வரை ஏறும், அம்மோனியா பறக்கும். குட்டை நிரம்பி ஒரு மாதம் கழித்து வெளிவாயில் மறுபடி மாதிரி எடுத்துத்தான் யூரியாவைக் கழிக்க வேண்டும், பழைய 28 இனி செல்லாது.